ஏழாம் வளைவில் மூன்று கம்பிகள்

காலை 6.10. ஏழாம் வளைவில் தையல்காரர் வீட்டின் பின்பாதி ஆற்றுக்குள் சரிந்தது. அடுப்படியில் நின்றிருந்த அவர் மனைவியும் அதோடு போனார். 8.25-க்குப் படகுத்துறைப் படிக்கட்டில் உடல் ஒதுங்கியது.

ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் குற்றவாளியைப் பிடித்துவிட்டது. ஊருக்கு இதெல்லாம் எவ்வளவு சுலபம்! மாதாமாதம் முதல் தேதி படகில் வந்து கரை அரிப்பை அளந்துபோகும் அளவுக்காரன்தான். சட்டையைக் கிழித்து, மூக்கை உடைத்து, ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து தள்ளினார்கள்.

"இவன் அளக்கவே இல்ல மேடம்," என்றாள் தையல்காரரின் மகள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "உட்கார்ந்த இடத்துல கிறுக்கிக் குடுத்திருக்கான். பன்னிரண்டு வருஷத்துக்கு உங்க கரைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க. ஒரு வருஷம்கூடத் தாங்கலையே! இவனை உள்ள போடுங்க."

"விடும்மா," என்றார் தையல்காரர். "அவளே போயிட்டா. யாரை உள்ள போட்டு என்ன?"

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஸ்டேஷனில் 'சல்லடை' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், நேரில் சொல்ல யாருக்குத் தைரியம்? அளவுக்காரனை உட்காரவைத்து, மூக்கில் வைக்கப் பஞ்சு கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எப்படி அளப்ப?"

"செங்குத்தான கரை மேடம். அதோட அடிப்பக்கத்துல ஒரு மீட்டர் கம்பியைப் படுக்கைவாட்டுல முழுசா உள்ள அடிச்சிருக்கோம். ஆறு மண்ணைத் தின்னா கம்பி வெளிய நீட்டும். நீட்டினதை அளப்பேன்."

"அந்த வீட்டுக்கு நேரா?"

"மூணு கம்பி. எப்பவும் நாலஞ்சு சென்டிமீட்டர்தான். ஒரே ஒரு தடவை கூட இருந்துச்சு. எழுதியிருக்கேன் மேடம், சத்தியமா!"

"நீட்டின கம்பியைத் திரும்ப உள்ள தட்டுவியா?"

"பாதிக்கு மேல வந்தாதான். தட்டினா நோட்டுல எழுதணும். அங்க தட்டினதே இல்ல."

"அந்த வீட்டுக்காரங்களைத் தெரியுமா?"

"தெரியாம? அளந்து முடிச்சு அவங்க வீட்டுலதான் டீ. 'கம்பி ஒரு சாண் வெளிய வரட்டும், உங்களை மூட்டை கட்டச் சொல்லிடுவாங்க'ன்னு கிண்டல் பண்ணுவேன். அந்தம்மா சிரிப்பாங்க." சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

11.15. ஆற்று ஆராய்ச்சி அலுவலகம். வளைவில் ஆறு வெளிக்கரையை அரிக்கும், உள்கரையில் மணலைக் கொட்டும், அப்படியே மெல்ல நகரும். கம்பி அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டால் வருங்காலத்தில் ஆறு எங்கே இருக்கும் என்று கோடு போட்டுக் காட்டும். யார் இருக்கலாம், யார் காலி பண்ணணும் என்பதை அந்தக் கோடுதான் முடிவு செய்யும். கோடு போடும் ஆராய்ச்சிக்காரி முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள்.

"சாட்டிலைட் படத்துல கரை நகரவே இல்ல மேடம். மேல புல்லு, சிமெண்ட் தளம் எல்லாம் அப்படியே இருக்கு. அடியில குடைஞ்சிருக்கு. அதைக் கம்பிதான் சொல்லணும்."

சல்லடை அளவு நோட்டைப் புரட்டினாள். முதல் மூன்று மாதமும் நாலு, ஐந்து என்றே இருந்தது. நாலாம் மாதம் மூன்று கம்பிக்கும் 38, 35, 40. அவற்றின் மேல் சிவப்புக் கோடு. ஐந்தாம் மாதம் மறுபடி நாலு.

"யார் அடிச்சது?"

"நான்தான். முன்னாலயும் நாலு, பின்னாலயும் நாலு. நடுவுல முப்பத்தெட்டு எப்படி வரும்? கை தவறி எழுதிட்டான்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"மூணு கம்பிக்குமா கை தவறும்? அவனைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"இல்ல."

"தின்ன மண்ணை ஆறு வெளிக்கரையிலயே திரும்பக் கொண்டுவந்து அப்புமா?"

"அப்பாது," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

1.40. தையல்காரர் வீட்டின் முன்பாதி. தையல் மெஷினில் ஊசி ஏறிய சட்டை பாதியில் நின்றது. ஆர்டர் நோட்டில் ஒரே இடத்தில் இரண்டு வாரம் வெறுமை, நாலாம் அளவு நாளின் முன்னும் பின்னும்.

"அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்," என்றாள் மகள். "ரெண்டு பேரும் எங்க வீட்டுலதான் இருந்தாங்க."

3.20. தையல் மெஷின் இருந்த அதே அறைக்கு எல்லோரையும் வரவழைத்தாள் சல்லடை.

"பொய் எழுதறவன் அந்த மாசமும் நாலுன்னுதான் எழுதியிருப்பான். முப்பத்தெட்டுன்னு எழுதினான் பாருங்க, அதுதான் அவன் அளந்ததுக்குச் சாட்சி. மறுமாசம் அது நாலாச்சு. ஆறு மண்ணைத் திருப்பித் தராது, அப்போ கம்பியை யாரோ உள்ள தட்டியிருக்காங்க. ஒவ்வொரு மாசமும், இவன் வர்றதுக்கு முன்னாடி. ஒரு மாசம் மட்டும் தட்டற ஆள் இங்க இல்ல. கண்ணுல கட்டோட மக வீட்டுல இருந்தாரு."

தையல்காரர் மறுக்கவில்லை. "மூணாம் வளைவுக்காரங்களைக் காலி பண்ணவெச்சு எங்க கொண்டுபோய்ப் போட்டாங்க தெரியுமில்ல? ஊருக்கு வெளிய, ஒன்பதாவது மாடியில ஒரு ரூம். அங்க யாரு எங்கிட்ட துணி குடுப்பா? மழை நின்னா தண்ணி வடிஞ்சிடும், அதுவரைக்கும் கரை தாங்கிடும்னு இருந்தேன்."

"நீங்களாப்பா?" என்றாள் மகள்.

ஆராய்ச்சிக்காரி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் சிவப்புல அடிச்ச அளவைப் போட்டு இப்போ ஓட்டிப் பார்த்தேன். அன்னியிலேர்ந்து நாற்பது நாள்ல விழும்னு வருது. விழுந்தது நாற்பத்திரண்டாவது நாள்."

அளவுக்காரனைப் போகச் சொன்னார்கள். அடித்தவர்களில் ஒருத்தன்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பா? நல்லாக் கேட்டீங்க.

"கடைசியா ஒண்ணு," என்றாள் சல்லடை. "கம்பி பத்தடிக்குக் கீழ இருக்கு. உங்ககிட்ட படகும் இல்ல. தனியா எப்படி இறங்கினீங்க?"

தையல்காரர் மகள் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கப்பா!"

"தனியா இல்லம்மா," என்றார் மகளிடம். "இடுப்புல கயிறு கட்டி இறங்குவேன். மேல கரையோரமா நின்னு கயித்தைப் பிடிச்சுக்கிட்டது உங்கம்மாதான். 'ஜாக்கிரதை, ஜாக்கிரதை'ன்னு எனக்குத்தான் சொல்லிக்கிட்டே இருப்பா."