வெந்த மரகதம்

"இது அந்தக் கல்லு இல்ல!"

தேநீர்த் தட்டோடு நகைப் பட்டறைக்குள் வந்த கசுமி வாசலிலேயே நின்றாள். மாமியார் தொமோயே, வாடிக்கைக்காரி ஒகாபே அம்மாளின் வில்லையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். கிமோனோக் கச்சையில் கோக்கும் நூறு வருஷத்துத் தங்க வில்லை. உதிர்ந்துபோன நாலு சிறு மரகதங்களுக்குப் பதில் வேறு கல் பதிக்கத்தான் அவள் கொடுத்திருந்தாள். நடுவிலிருந்த பெரிய மரகதத்தைத் தொடக்கூடாது என்பது பேச்சு.

"பழைய கல்லு மூலையில கொஞ்சம் தேஞ்சிருக்கும். நாப்பது வருஷமா கல்லத் தொட்ட விரலுடி இது! கெழவிக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு துணிஞ்சிட்டியா? எங்க வித்த... சொல்லு!"

"அத்தை... நான்..."

"பத்து மணிக்கு அந்தம்மா வந்துடுவாங்க. இனிமே கோஃபு ஊர்ல யாருடி நம்மள நம்பி நகையக் குடுப்பா? திருடி!"

"ஏதாவது சொல்லேன் கசுமி!" கணவன் ஷூஜி அவள் அருகில் வந்தான். "இப்படியே நின்னா நான் என்னன்னு நெனைக்கறது?"

எப்படிச் சொல்வாள்? மூன்று நாளைக்கு முன் மாமியார் கழுவி வைத்த வில்லையைத் துடைக்க எடுத்தபோதுதான் பார்த்தாள், மரகதத்தின் குறுக்கே வெள்ளை வெள்ளையாய் விரிசல். மரகதத்துக்குக் கொதிநீர் ஆகாது. உள்ளே ஊறியிருக்கும் எண்ணெய் போய்க் கல் பிளந்துவிடும். கழுவியவளுக்கோ அது தெரியவே இல்லை. 'கண்ணு போனா இந்தப் பட்டறை நாற்காலியும் போச்சு. அப்புறம் நான் எதுக்குடி இருக்கணும்?' என்று தொமோயே ஒருநாள் சொன்னது கசுமியின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. செத்துப்போன தன் அம்மாவின் மோதிரத்திலிருந்து மரகதத்தைப் பெயர்த்து, மாமியாரிடம் கற்ற கைவேலையால் வில்லையில் பதித்துவிட்டாள்.

வாசல் மணி அடித்தது.

ஒகாபே அம்மாள் உட்காரும் முன்பே கசுமி தரையில் நெற்றி பட விழுந்தாள். "உங்க கல்லு என் கையால உடைஞ்சிடுச்சும்மா... அதுல இருக்கறது எங்கம்மாவோட கல்லு. உங்களுது இந்தப் பொட்டலத்துல இருக்கு..."

பொட்டலத்தைத் தொமோயே பறித்தாள். விரல் கல்லின்மேல் ஊர்ந்து நின்றது.

"இது வெந்த கல்லு... நீ வெதுவெதுன்னு இருக்கற தண்ணியிலதானே கல்லக் கழுவுவ! அன்னைக்கு வெறும் தங்கச் சங்கிலின்னு நெனச்சுக் கொதிக்கற பானையில இதையா போட்டேன்...? ஐயோ!"

மருமகளின் பக்கத்தில் தொமோயேவும் மண்டியிட்டாள். "உடைச்சது நான்தாம்மா. இவ இல்ல."

ஒகாபே அம்மாள் உடைந்த கல்லை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு இறுகிய குரலில் சொன்னாள்: "யார் கல்லும் எனக்கு வேணாம். என்னோடத விரிசலோடயே பதிச்சுக் குடுங்க. முடியற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

சற்று அழுத்தினாலும் இரண்டாகிவிடும் கல்! தொமோயே தன் நாற்காலியை இழுத்து மருமகளுக்குக் காட்டினாள்.

"நீ உக்காரு."

"பயமா இருக்கு அத்தை..."

"உன்னப் போயி திருடின்னேனே, பாவி!" தொமோயே அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "கண்ணு தெரியலன்னு உங்க யாருகிட்டயும் சொல்லப் பயந்தேன்டி..."

கசுமி உட்கார்ந்தாள். அம்மாவின் கல்லை எடுத்துவிட்டு உடைந்ததை வைத்தாள். கல்லைக் கவ்வும் தங்கப் பற்கள் நான்கு. ஒன்றை மடக்கினாள். இரண்டு. மூன்று. ஷூஜி கண்ணை மூடிக்கொண்டான். நான்காவதும் மெல்லப் படிந்தது. கல் உடையாமல் நின்றுவிட்டது.

மூச்சு திரும்பிய பிறகுதான், தன் சட்டைக் கையின் ஓரத்தை மாமியார் இறுகப் பிடித்திருப்பது கசுமிக்குத் தெரிந்தது. அவள் விலக்கவில்லை.