மடாலயத்துக்குக் கடைசியாக வந்தவன்

மழை பெய்யவில்லை. இரவெல்லாம் உறைபனி கொட்டியிருந்ததில் மடாலயத்துப் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆனால் கல்லறைகளின் தலைமாட்டில் மட்டும், ஒவ்வொன்றிலும், கையகலத்துக்குப் பனி கரைந்து மண் ஈரமாக இருந்தது. டெர்வ்லா கதவோரம் நின்று அதைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு ஓர் இடத்தைத் தொட்டாள். ஆற்றுத் தண்ணீர். சேற்று வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது.

"ஏம்மா டெர்வ்லா, என் வாளியை நீயா எடுத்த?" காவல்காரர் மாலக்கி தன் அறையிலிருந்து தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

"உன் ஓட்டை வாளி எனக்கெதுக்கு?"

"தினமும் ராத்திரி உள்ள வச்சுட்டுப் போறேன். காலையில பார்த்தா ஆத்துப் படியில கெடக்குது. எந்தக் களவாணிப் பய செய்யுற வேலையோ. உன் கதையைக் கேட்டுக் கேட்டு எவனுக்கோ கிறுக்குப் புடிச்சிருச்சு போல."

மாலக்கி சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வாய் ஒத்துழைக்கவில்லை.

கில்கெனி நகரத்துக்கு வரும் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அவள் தொழில். கோட்டையில் தொடங்கி, கருங்கல் சந்துகளில் புகுந்து புறப்பட்டு, நோர் ஆற்றங்கரையில் கூரையில்லாமல் நிற்கும் இந்த மடாலயத்தில் கொண்டுவந்து முடிப்பாள். முடிக்கிற இடத்தில் ஒரு கதை உண்டு. ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்ட கதை. அன்றும் மதியத்துக்கு மேல் வந்த கூட்டத்தை வடக்குச் சுவருக்கு எதிரே நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"எங்க ஆளுங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் தோட்டத்துல கடைசியா யாரைப் புதைக்கிறாங்களோ, அவங்கதான் மத்தவங்களுக்கெல்லாம் தண்ணி சுமக்கணும். செத்தவங்களுக்குத் தாகம் ஜாஸ்தி. அடுத்த ஆள் வந்து சேர்ற வரைக்கும் ஓய்வே கிடையாது. அந்தக் காலத்துல ஒரே நாள்ல ரெண்டு சாவு விழுந்துட்டா, பெட்டியைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓட்டப்பந்தயம்தான். வழியிலயே அடிதடி ஆயிருக்கு. இங்க கடைசியா வந்தது கையுறை தைக்கிறவர் ஒருத்தரோட பொண்டாட்டி. அப்புறம் இங்க புதைக்கிறதையே நிறுத்திட்டாங்க. பாவம், எங்க கொள்ளுப்பாட்டன் காலத்துலேர்ந்து சுமந்துக்கிட்டே இருக்கா. உதவிக்கு யாராச்சும் வர்றீங்களா?"

இந்த இடத்தில் எப்போதும் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். அன்று தூக்கியது கார்க் நகரத்திலிருந்து வந்திருந்த தொப்பைக்காரர்.

"நான் ரெடி!"

"இவரைக் கூட்டிட்டுப் போனா, செத்தவங்களுக்கு ஒரு சொட்டு மிஞ்சாது" என்றாள் அவர் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில், ஐவிக்கொடி மூடிய வடக்குச் சுவர் பக்கமிருந்து, ஒரு வாளியின் கைப்பிடி கிறீச்சிடுவது டெர்வ்லாவுக்குக் கேட்டது. கூடவே ஒரு வாசனையும் வந்தது. சேறு இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் தைலம். அவள் வீட்டுக் குளியலறையிலும், தலையணை உறையிலும், கார் இருக்கையிலும் இருபது வருஷமாக ஊறியிருந்த அதே வாசனை.

கூட்டம் நன்றி சொல்லிக் கலைந்தது. அவள் அசையாமல் நின்றாள்.

கிலியன் அவளுடைய ஒரே மகன். ஊர் அணிக்கு ஹர்லிங் மட்டைப்பந்து ஆடியவன். இலையுதிர் காலத்தில் ஓர் ஈரமான மாலையில் காலன் ஊருக்குப் போகும் சாலையில் அவன் கார் வழுக்கியது. எரித்த சாம்பலை ஊருக்கு வெளியே இருக்கும் புதுக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாம் என்றார் பாதிரியார். பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் பிள்ளையை விட்டுவைக்க அவளால் முடியவில்லை. சின்ன வயதில் அவன் ஒளிந்து விளையாடிய இடம் இந்த வடக்குச் சுவர்தான். வேலைக்காகத் தினமும் இரண்டு வேளை இங்கே வருகிறாள். இங்கே வைத்தால் அவனைக் கடந்து போகலாம், மனசுக்குள் ஒரு வார்த்தை பேசலாம். கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பாவில் சாம்பலைப் போட்டு, ஒரு சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் ஐவிக்கு அடியில் வைத்து மண்ணை மூடிவிட்டாள்.

அதைப் புதைத்ததாக அவள் நினைக்கவே இல்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டதாகத்தான் நினைத்தாள். தினமும் தன் வாயாலேயே சொல்கிற கதை அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

இனி இங்கே யாரும் வரப்போவதில்லை. புதைப்பதை நிறுத்திவிட்ட தோட்டம். அடுத்த ஆள் என்று ஒருவர் கிடையாது. அப்படியென்றால் இனி என்றைக்கும் சுமக்கப்போவது கிலியன்தான்.

டிசம்பரில் தேநீர் வேளைக்கெல்லாம் இருட்டிவிடும். மாலக்கி மேலங்கியை மாட்டிக்கொண்டு சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

"நீ போ மாலக்கி. நான் பூட்டிக்கிறேன்."

"என்னம்மா, பேய் புடிக்கவா?"

"ஆமா. நீ போய் உன் பீரைக் குடி."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ரொம்பக் கேட்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

டப்பாவை எடுத்துவிடலாம். அவ்வளவுதானே? தோண்டி எடுத்து, நாளைக்கே புதுக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அங்கே வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள், பிள்ளைக்கு உடனே ஓய்வு கிடைத்துவிடும். இதை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே மாலக்கியின் அறைக்குள் போய்க் களைக்கொத்தியை எடுத்தாள். அறை மூலையில் வாளி இல்லை என்பதைப் பார்த்தாள். பார்க்காதது போல வெளியே வந்தாள். ஆற்றின் இரைச்சலும், பாலத்தில் வாகனங்கள் போகும் சத்தமும், எங்கோ ஒரு மதுக்கடையிலிருந்து வந்த பிடில் இசையும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தன. மதிலுக்கு இந்தப் பக்கம் அவள் காலடியில் பனி நொறுங்குவது மட்டும் கேட்டது.

மண் இறுகிப்போயிருந்தது. மண்டியிட்டுக் கொத்தினாள். டப்பா தட்டுப்பட்டது. நகம் பிய்ய இழுத்தாள். மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளேயிருந்து தள்ளியது போல நடுவில் புடைத்திருந்தது.

உள்ளே ஒரு துளி சாம்பல் இல்லை.

கிறீச்.

முதுகுக்குப் பின்னால். ஆற்றுப் படிகளின் பக்கம்.

கிறீச். தண்ணீர் தளும்பும் சத்தம். கிறீச்.

தைல வாசனை.

திரும்பினாள்.

கறுப்பும் மஞ்சளுமாக அவன் ஆட்டச் சட்டை. நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெறுங்கால். ஒரு தோள் வாளியின் கனத்தில் சரிந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே பை தூக்கும்போது அவனுக்கு அப்படித்தான் சரியும்.

"கிலியன்."

அவன் நிமிரவில்லை. முதல் கல்லறையில் குனிந்தான். அப்போதுதான் அவள் புல்லைப் பார்த்தாள். ஒவ்வொரு தலைமாட்டிலும், மண்ணுக்கு வெளியே, மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கைகள். குவித்துப் பிடித்த கைகள். காத்திருந்தன. கிலியன் ஊற்றினான். விரலிடுக்கில் ஒழுகிப் போனது. கைகள் மறுபடியும் குவிந்தன.

அடுத்தது. அடுத்தது.

அவன் உள்ளங்கைகளில் தோல் இல்லை.

"கண்ணா, போதும்டா. வச்சுடு. அம்மா வந்துட்டேன். குடு, நான் தூக்குறேன்."

ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். இரும்பின் குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. இழுத்தாள். வரவில்லை. அவன் விரல்கள் பிரியவில்லை. பிரிக்க அவனாலும் முடியவில்லை என்பது அந்தச் சரிந்த தோளிலேயே தெரிந்தது. உயிரோடு இருக்கிறவள் வாங்கிக்கொள்ள முடியாது. அவளுக்குத் தெரியும். கதையே அவளுடையதுதானே.

கதறினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பிடில் நிற்கவில்லை.

அவன் அவள் எதிரே வந்து நின்றான். முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தான். அம்மாவைப் பார்க்கிற பார்வை இல்லை. களைப்பு. களைப்பைத் தவிர அந்தக் கண்களில் எதுவுமே மிச்சமில்லை. வாளியைச் சாய்த்தான். தன்னையறியாமல் அவள் கைகளைக் குவித்தாள். பனித்தண்ணீர் நிரம்பி வழிந்தது.

அவள் குடித்தாள். பிள்ளை கொடுத்தது.

அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையைப் பார்த்தான். மெல்ல, கால் வரைக்கும் பார்த்தான். திரும்பவும் தலை. பிறகு ஐவிக்கு அடியில், அவள் தோண்டியிருந்த சின்னக் குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, வாளியின் விளிம்பால் மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தான்.

சுரண்டல். கொட்டல். சுரண்டல்.

குழி நீண்டது. அவள் உயரத்துக்கு.

வாசல் திறந்தே கிடந்தது. சாவி அவள் பையில் இருந்தது. பாலத்தில் ஒரு பேருந்து விளக்குகளோடு போயிற்று. டெர்வ்லா போகவில்லை. மகனின் சரிந்த தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளின் அசைவு நின்றது. வேலை முடிந்துவிட்டது. அவன் குழியின் பக்கத்தில் வாளியை நேராக நிமிர்த்தி வைத்தான். விரல்கள் இன்னும் அதன் கைப்பிடியில் ஒட்டியிருந்தன. புல்வெளி முழுக்க, குவிந்திருந்த கைகள் எல்லாம் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின.

உதவிக்கு யாராவது வருகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

டெர்வ்லா கையைத் தூக்கினாள்.