வாலுக்குள் ஒரு தட்டு

வாணி பேக்கரி வேலை முடிந்து திரும்பியபோது, விமானத்தின் வால் பகுதியில் புதிதாக ஒரு வரிசை ரிவெட் ஆணி அடித்திருந்தது. அடித்தவன் கன்னையா. சரி, உள்ளே பிடித்தவர் யார்?

மலேசியாவின் காப்பாரில், சுவரோடு சுவர் ஒட்டிய அவர்களுடைய லிங்க் வீட்டின் கார் போர்ச்சில், காரை மழையிலும் வெயிலிலும் ரோட்டில் போட்டுவிட்டு, அவள் கணவன் கன்னையா பெட்டி பெட்டியாகத் தகடு வரவழைத்து ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தான். ரிவெட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. அவன் வெளியே நின்று அடிக்க, இன்னொருவர் உள்ளே படுத்து இரும்புப் பாளத்தை ஆணிக்குப் பின்னால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இருவர் காதிலும் மூடி. அதனால் தகட்டில் தட்டுவதுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் மறுபடி அடி. வாலுக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லி வாணி ஒருத்திதான். போன மாதம் பாளம் நழுவி அவளுடைய இடது பெருவிரல் நகம் கன்றிக் கறுத்துப்போனது. நகம் முழுதும் மாற ஆறு மாதமாவது ஆகும். அன்றோடு கும்பிடு போட்டுவிட்டாள்.

"யாருங்க வந்தா?"

"யாரு வரா? நீதானே பிடிச்ச."

"விளையாடாதீங்க லா. நான் வேலைக்குப் போயிருந்தேன்."

கன்னையா சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவே இல்லை. துணிக்கூடையில் அவளுடைய பச்சை நைட்டி கிடந்தது, முழங்கையெல்லாம் அலுமினியக் கறுப்பு. முகர்ந்து பார்த்தாள். இரும்பு வாடை, வியர்வை, அதற்கடியில் அவள் தலைக்குத் தேய்க்கும் அதே எண்ணெய். எவளோ ஒருத்தி வீட்டுக்குள் வந்து, நம் நைட்டியை மாட்டி, நம் எண்ணெயையும் தேய்த்துவிட்டுப் போகிறாள் என்று நைட்டியைக் கூடையில் விட்டெறிந்தாள். இத்தனை வருஷக் குடும்பத்தை எவளுக்கோ தூக்கிக் கொடுப்பதா? அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, மத்தியானமே திரும்பினாள். வானம் இருட்டி, மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாரியாயி ஆன்ட்டி துணி எடுத்துக்கொண்டிருந்தவள் வேலிக்கு மேலாக அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ இப்பத்தானே அந்த ஏரோப்ளேன் உள்ள ஏறுன?"

வாணி கேட்டைத் தள்ளி உள்ளே போனாள். போர்ச்சில் ரிவெட் கருவி தடதடவென்று அடித்து ஓய்ந்தது. கன்னையா உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக் காத்திருந்தான். உள்ளிருந்து ஒரு தட்டு. அவன் தலையாட்டினான்.

பாய்ந்துபோய் அவன் காதுமூடியைப் பிடுங்கினாள்.

"உள்ள யாரு? வெளிய வரச் சொல்லுங்க அவள!"

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான். வாலைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ... எப்ப வெளிய வந்த?"

வாலின் அடியில் ஒரே ஒரு திறப்புதான் பாக்கி. அதற்குப் பக்கத்தில்தான் அவன் நின்றிருந்தான். அவனைத் தாண்டாமல் யாரும் வெளியே வர முடியாது.

இரண்டு தட்டு. பிறகு உள்ளிருந்து ஒரு குரல். அவள் குரல்.

"ஏங்க, யாருகிட்ட பேசுறீங்க? வெளிய யாரு?"

"அது நான் இல்லைங்க!" வாணி அவன் சட்டையைப் பற்றினாள். "நான்தான் வாணி. என்னைப் பாருங்க!"

"ஏங்க, அவள நம்பாதீங்க. என்னை வெளிய எடுங்க. பயமா இருக்கு."

கன்னையா சட்டையை மெல்ல விடுவித்துக்கொண்டான். ஒரு எட்டு பின்வாங்கினான். அவளிடமிருந்து.

திறப்பிலிருந்து ஒரு கை நீண்டது. இடது கை. கன்றிக் கறுத்த பெருவிரல் நகம். கன்னையா அழுதுகொண்டே அந்தக் கையைப் பிடித்தான்.

வாணி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

பெருவிரல். நகம். சுத்தமாக, இளஞ்சிவப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.