முப்பத்து நான்கு கதிரைகள்

மண்டபத்தை வெறுமையாக வைக்கச் சொல்லித்தான் திருச்செல்வம் கடிதம் எழுதியிருந்தார். ஆனால் மேடைக்கு முன்னால் வெள்ளை உறை போட்ட கதிரைகள் நின்றன. எண்ணினார். முப்பத்து நான்கு.

"இது என்னத்துக்கு?"

ஹோட்டல் முகாமையாளர் இராமகிருஷ்ணன் கதிரைகளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "நாங்க போடல சார். இப்பவே எடுத்துடச் சொல்றேன்."

பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும் என்று திருச்செல்வம் நினைத்துக்கொண்டார். இருபது வருடமாக மாநாடுகளுக்கு இடம் தேடிக் கொடுப்பவர் அவர். மக்காவ் நகரத்துச் சூதாட்ட மாளிகைகளின் தங்கக் குழாய்களில் கை கழுவியவர். கொழும்புக் கெசினோ ஒன்று தன் பெரிய வாடிக்கையாளர்களை மூன்று நாள் மலைநாட்டில் வைத்து உபசரிக்க விரும்பியது. அதற்காகத்தான் கண்டியிலிருந்து ஹேவாஹெட்டப் பாதையின் வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வந்து இறங்கியதுமே நெற்றியில் ஒரு பொட்டு, கழுத்தில் ஒரு மாலை. வரவேற்பறையில் தேயிலைக் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து விளக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பராக்களைப் போலவே தகரக்கூரை வைத்து வரிசையாக அறைகள் கட்டி, உள்ளே பளிங்குத் தொட்டி பதித்திருந்தார்கள். ஒழுகும் கூரையின் கீழ் ஒருநாளும் படுத்திராதவர்கள் படம் பிடித்துக்கொள்வதற்கு.

அறைகளைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பியபோது மாலை நாலரை. வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. மலையைக் குடைந்து கட்டிய மண்டபம் என்பதால் ஜன்னல்கள் இல்லை. குளிரூட்டியின் வாசனையையும் மீறி, மழைக்குப் பிறகு தோண்டிய குழியில் எழும் மணம் மெல்லிதாக வந்தது.

கதிரைகள் மறுபடியும் நின்றன. இம்முறை மேடைக்கு இன்னும் கிட்டத்தில். இருக்கைகளின் உறைகள் நடுவில் அமிழ்ந்து, சற்றே ஈரமாய்.

"இதென்ன விளையாட்டு? ஆக்கள் நிறைஞ்ச மாதிரிக் காட்டினா நான் மயங்கிப் போவன் எண்டு நினைச்சீரோ?"

இராமகிருஷ்ணன் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். "சார், ஒன்னு சொல்லவா? இந்த எடத்துலதான் எங்க லயம் இருந்திச்சி. எனக்கு எட்டு வயசு. வத்தேகமைக்கு சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அன்னைக்கு மலை சரிஞ்சி மூடிருச்சி. முப்பத்து நாலு பேரு. யாரையும் தோண்டி எடுக்கல. எங்க அம்மாவும் உள்ளதான் இருக்காங்க."

"பிறகு ஏன் இங்க வேலை செய்யிறீர்?"

"அம்மா இங்கதானே சார். வேற எங்க போறது?"

கோட் போட்டாலும் தோட்டத்துப் புத்தி போகாது. திருச்செல்வம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, உதட்டைச் சுழித்ததிலேயே அது தெரிந்தது. இராமகிருஷ்ணன் அதைப் பார்த்தான்.

"நான் மண்டபத்தின்ர எதிரொலியைப் பாக்க வேணும். நீர் வெளியில நில்லும்."

"தனியா வேணாம் சார்."

"போம் எண்டுறன்."

பூ வேலைப்பாடு செதுக்கிய கனமான மரக்கதவு மூடியது. திருச்செல்வம் மேடையேறி ஒருமுறை கை தட்டினார். எதிரொலி உடனே வரவில்லை. அவர் கையைக் கீழே இறக்கிய பிறகு வந்தது. கதிரைகளின் பக்கமிருந்து.

எங்கோ ஸ்பீக்கரை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அற்பர்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. மைக்கை எடுத்தார்.

"லயத்துச் சனமே! வந்திருக்கிறியள் எண்டா எல்லாரும் ஒருக்கா கையைத் தட்டுங்கோ, பாப்பம்."

குளிரூட்டியின் இரைச்சல் நின்றிருந்தது. எப்போது நின்றது?

பிறகு தட்டினார்கள்.

பலமாக அல்ல. ஈரக் கைகள். சேறு அப்பிய உள்ளங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிகிற சத்தம். முதல் வரிசையில் தொடங்கியது. இரண்டாவதுக்குப் பரவியது. நடுவில் எங்கோ மிகச் சிறிய இரண்டு கைகள், தாளம் தப்பி.

கதிரைகளில் யாரும் இல்லை. உறைகள் மட்டும் கீழிருந்து மேலாகச் செம்பழுப்பாக ஊறிக்கொண்டிருந்தன.

மைக் கையிலிருந்து விழுந்தது. மேடையிலிருந்து குதித்தார். கணுக்கால் மடங்கியது. நொண்டிக்கொண்டு ஓடினார். மண் மணம் தொண்டைக்குள் இறங்கியது. மூச்சு இழுத்தால் மண். விட்டாலும் மண்.

கதவு. கைப்பிடி. உள்பக்கமாக இழுத்தார். திறந்தது.

வெளியே நடைபாதை இல்லை. பனி இல்லை. வாசல் நிறைய மண். நிலையிலிருந்து நிலை வரை, உச்சியிலிருந்து தரை வரை, இறுகிய செம்மண் சுவர். கதவின் பூ வேலைப்பாடு அதில் இதழ் இதழாகப் பதிந்திருந்தது.

மண்ணுக்கு அப்பால், வெகு தூரத்தில், யாரோ கதவைத் தட்டினார்கள்.

"சார்? உள்ள இருக்கீங்களா? கதவத் தொறங்க சார்."

இராமகிருஷ்ணனின் குரல். அவன் ஒவ்வொரு முறை தட்டும்போதும், திருச்செல்வம் திறந்து பிடித்திருந்த கதவு அவர் கையில் அதிர்ந்தது.

"சார்! தொறங்க சார்!"

அவருக்குப் பின்னால் கைதட்டல் நின்றது. ஒரு கதிரை பின்னால் தள்ளப்பட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.