குற்றமே நடக்காத தெரு

பகல் 12.50.

சப்-இன்ஸ்பெக்டர் பரிபூரணம் ஜீப்பை விட்டு இறங்கியபோது, கொலை நடந்த வீட்டைவிட எதிரே இருந்த மின்கம்பத்தைச் சுற்றித்தான் கூட்டம். ஒருவனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பல் உடைந்து, சட்டையெல்லாம் ரத்தம். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. ஒருவர் கிரிக்கெட் மட்டையை மறுபடி ஓங்கினார். பரிபூரணத்தின் லத்தி அவர் மணிக்கட்டில் இறங்கியது.

"அவுத்து விடுங்கல அவன!"

"கொலகாரன் மேடம். சதீஷு. தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ரிப்பேர் பாக்குறவன். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆளு. பழைய திருட்டுக் கேசு இருக்கு."

"பதினோரு மணிக்கு வந்தேன்க்கா. கூப்புட்டேன், ஆளு வரல. திரும்பிப் போயிட்டேன். நான் வந்ததப் பாத்தவங்க பொறவு புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க." சதீஷின் வாயிலிருந்து பேச்சோடு ரத்தமும் வந்தது. கொலைப் பழி அவன் தலையில் ஏறக்குறைய விழுந்தாகிவிட்டது. பரிபூரணம் அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார்.

இராஜபாளையத்தில் தென்றல் நகரைப் போலத் தன் பெருமையைத் தானே பேசும் தெரு வேறு கிடையாது. முனையில், 'குற்றமில்லாப் பகுதி' என்று ஆளுயரப் பலகை. வாசலுக்கு வாசல் கேமரா. எல்லாம் சங்கத் தலைவர் சாரங்கபாணியின் ஏற்பாடு. தன் வீட்டுக்கு மட்டும் முன்வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று. ஒரே குறை, கரண்ட் போனால் கேமராக்களும் தூங்கிவிடும். பேட்டரி வாங்குவது யார் என்ற சண்டை இன்னும் தீர்ந்தபாடில்லை. இன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் திருடன் புகுந்தான் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது.

செத்தது தலைவரின் மனைவி கோதைநாயகி. வெளியூர்க் கூட்டத்திலிருந்து திரும்பிய தலைவர்தான் முதலில் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

சமையலறையில் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். பக்கத்தில் அம்மிக் குழவி. இடது நெற்றிப்பொட்டு நொறுங்கி உள்ளே போயிருந்தது. சுவரில் ஆளுயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது. கீழே விழுந்த பிறகும் விடாமல் அடித்திருக்கிறான் பாவி. கழுத்தில் சங்கிலி இல்லை. பீரோ கலைந்து கிடந்தது, பின்கதவு திறந்து கிடந்தது. மூடியில்லாத கிரைண்டருக்குள் உளுந்து மாவு லேசாகச் சிவந்திருந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பரிபூரணம் வெளியே வந்தார்.

கூடத்தில் சாரங்கபாணி உட்கார்ந்திருந்தார். தோளில் யாரோ போர்த்திய பொன்னாடையைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

"எப்பக் கெளம்புனீங்க?"

"எட்டரைக்கு மேடம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல குடியிருப்போர் சங்கக் கூட்டம். தெருப் பாதுகாப்பப் பத்திப் பேசுனேன். மண்டபமே பாத்திருக்கு."

"அப்ப அவங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?"

"மாவாட்டிக்கிட்டு இருந்தா. கரண்டு போறதுக்குள்ள அரைச்சிரணும்னு அவசரம். எதிர்வீட்டு நாராயணியக் கேளுங்க."

நாராயணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி வாசலில் நின்றார்.

"ஆமாம்மா. அவிய வண்டியில ஏறும்போது, 'கோதை, கதவச் சாத்திக்கோ'ன்னு சத்தம் குடுத்தாவ. உள்ள கிரைண்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கரண்டு போனப்பதான் நின்னுச்சு."

"உள்ள இருந்து பதில் வந்துச்சா?"

நாராயணி சற்று விழித்தார். "அந்த இரைச்சல்ல எனக்குக் கேக்கலம்மா."

பரிபூரணம் மறுபடி சமையலறைக்குப் போனார். அவர் வீட்டிலும் மாவரைப்பது அவர்தான். நீளக் கரண்டியொன்றை எடுத்துக் கிரைண்டரின் அடிவரைக்கும் விட்டுக் கிளறினார். கரண்டியை வெளியே எடுத்து மாவின் நிறத்தைப் பார்த்தார்.

பகல் 2.15. கேமராப் பதிவை ஸ்டேஷனில் ஜெனரேட்டர் கரண்டில் போட்டுப் பார்த்த ஏட்டு இருளப்பசாமி போனில் கூப்பிட்டார். கேட்டு முடித்ததும் பரிபூரணம் கூடத்துக்கு வந்து, சாரங்கபாணிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓடாத கிரைண்டர்ல ரத்தம் தெறிச்சா எப்படி இருக்கும் சார்?"

"எனக்கு என்ன தெரியும்?"

"மேல திட்டுத் திட்டா நிக்கும். இங்க அடிவரைக்கும் ஒரே செவப்பு. ரத்தம் விழுந்த பொறவும் கல்லு நல்லாச் சுத்தியிருக்கு. கரண்டு இல்லாம அது எப்படிச் சுத்தும்? அப்ப அவங்க செத்தது ஒம்பதுக்கு முன்னால. அதுவரைக்கும் உங்க கேமரா முழிச்சுத்தான் இருந்துச்சு. நேத்து சாயந்தரத்துல இருந்து இந்த வீட்டுக்குள்ள வேத்தாளு ஒருத்தரும் வரல. வெளிய போனது நீங்க மட்டுந்தான்."

சாரங்கபாணி நாக்கால் உதட்டை நனைத்தார்.

"அவங்க உசுரோட இருக்காங்கன்னு எதிர்வீடு நெனைக்கணும். அதுக்குத்தான் கிரைண்டர ஓட விட்டுட்டுப் போனீங்க. வாழ்நாள்ல ஒருதடவையாவது மாவுல கை வச்சிருந்தா, ரத்தம் மாவோட கலந்துரும்னு தெரிஞ்சு நிப்பாட்டிட்டுப் போயிருப்பீங்க."

கான்ஸ்டபிள் வெளியே போய்ச் சாரங்கபாணியின் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தார். ரத்தம் காய்ந்த வேட்டி, அதற்குள் சுருட்டி வைத்த சங்கிலி. வழியில் எங்காவது வீசிவிடத்தான் நினைத்திருந்தார் தலைவர். மாலையும் பொன்னாடையுமாகச் சுற்றிய கூட்டம் அவரைத் தனியே விடவில்லை.

"போறேன்னு சொன்னா," என்றார் சாரங்கபாணி. குரலில் வருத்தமில்லை, எரிச்சல்தான் இருந்தது. "கூமாப்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்கு. நான் மேடையில பேசப் போற அன்னைக்கா? தலைவர் பொண்டாட்டி அடி தாங்காம ஓடிட்டான்னு தெரு சிரிக்காதா?"

அவரை ஜீப்பில் ஏற்றும்போது பரிபூரணம் நாராயணியிடம் கேட்டார். "இதுக்கு முன்னால இங்க சத்தமே கேட்டதில்லையாக்கா?"

"கேக்கும்மா. அடிக்கடி கேக்கும். வீட்டு விவகாரமாச்சேன்னு ஜன்னலச் சாத்திக்கிடுவோம்."

பரிபூரணத்துக்கு வந்த கோபத்தில் காதுமடல் சுட்டது. வருடக்கணக்கில் ஒரு பெண் அடிவாங்கிக் கதறிய தெருவுக்குப் பெயர் குற்றமில்லாப் பகுதி!

கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. மட்டைக்காரர் மட்டும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பையன அடிச்சது யாரு யாரு?" என்றார் பரிபூரணம்.

"கூட்டத்துல யாருன்னு எப்படித் தெரியும் மேடம்? கேமராவுலயும் இருக்காதே, கரண்டு இல்லியே." அவர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மாலை 4.30. அரசு மருத்துவமனை. சதீஷின் கைக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். இடது கண்ணில் இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொலையாளி பிடிபட்டதைக் கேட்டதும், மிச்சமிருந்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பரிபூரணம் அவன் தோளைத் தொட்டார்.

"ஒன்ன அடிச்சவங்கள அடையாளம் தெரியுமாப்பா?"

"அம்புட்டுப் பேரையும் தெரியும்க்கா. எல்லா வீட்டுலயும் தண்ணி மெஷின் மாட்டுனது நாந்தான்." அவன் எச்சிலை விழுங்கினான். "பேரு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."