இரண்டு கட்டங்களில் ஒரே நண்டு

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு மரியாதையாகக் கொட்டாவி விட்டாள். முனைவர் பூங்கோதை அதைப் பார்த்தும் பார்க்காததுபோலச் சேற்று நண்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். "ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிசா இருக்கும். அதை ஆட்டித்தான் பெண் நண்டைக் கூப்பிடும்." சொன்னதில் ஒரு பிழை கிடையாது. ஆனால் சொல்கிறவருக்கே அதில் ருசி இல்லாதபோது, கேட்கிற பிள்ளைகளை என்ன குறை சொல்ல?

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே வகுப்பில் கதையே வேறு. நண்டு எப்படி நடக்கும் என்று காட்ட, அம்மையார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையில் பக்கவாட்டாக ஓடுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் பாதிப்பேர் மறுநாள் காலை கழிமுகச் சேற்றில் முழங்கால் புதைய நிற்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்துக்கு ஆர்வப்பெயர்ப்பி வந்தது. மூளையில் ஒரு விஷயத்தின்மேல் இருக்கிற ஆர்வத்தை வேரோடு பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் வேறொன்றை நடுகிற இயந்திரம். அறிவுக்கோ நினைவுக்கோ சேதாரமில்லை. ஆசை மட்டும் இடம் மாறும். கடலில் கொட்டிய எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை ஆராய ஆள் தேவைப்பட்டது. யாரையும் வற்புறுத்த மாட்டோம், ஆசையை மாற்றிக்கொண்டு விரும்பியே செய்யலாம் என்றார்கள். கூடவே ஆய்வகத் தலைவர் பதவி. பூங்கோதைக்குச் சபலம் தட்டிவிட்டது.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆராய்ச்சி ஆர்வம்: சேற்று நண்டு. கற்பித்தல் ஆர்வம்: சேற்று நண்டு. முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் காலமெல்லாம் இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பழகிய புத்தி! மூளைக்கு அந்தக் கட்டமெல்லாம் தெரியுமா? அங்கே இருந்தது ஒரே வேர். இழுத்ததும் மொத்தமாக வந்துவிட்டது.

நுண்ணுயிர் ஆராய்ச்சி நன்றாகத்தான் நடந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நண்டுப் பாடத்தில் இந்த வருஷம் சேர்ந்தவர்கள் ஏழே பேர். அடுத்த வருஷத்திலிருந்து அது கிடையாது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு வகுப்பு முடிந்து காலி பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து பூங்கோதை அழுதார். கொடுத்த ஆர்வத்தைத் திரும்பப் பெற ஐந்து வருஷம்தான் கெடு. அதில் மூன்று வாரம் பாக்கியிருந்தது.

பெயர்ப்பகத்தில் இயந்திரத்தை இயக்கும் சம்சுதீன் பதிவைத் தேடிப் பார்த்தான். "உங்க ஆர்வம் இப்ப கனகசபாபதின்னு ஒருத்தர்கிட்ட இருக்கு மேடம். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். பொழுதுபோகாத பெரியவங்களுக்குத்தான் இதெல்லாம் குடுக்கறது. அவர் சம்மதிச்சா எடுத்துடலாம்."

கனகசபாபதி கழிமுகத்தில்தான் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, குடை பிடித்துக்கொண்டு, சேற்றோரம் குந்தியிருந்தார். யார், என்ன என்று ஒரு விசாரிப்பு இல்லை.

"வாங்க, வாங்க! சத்தம் போடாம உக்காருங்க. அந்த மூணாவது வளைக்காரனைப் பாருங்க. சண்டையில கொடுக்கு போயி, புதுசா முளைச்சிருக்கு. பார்க்க பழசு மாதிரியேதான் இருக்கும், உள்ள பலம் கிடையாது. சும்மா ஆட்டியே எல்லாரையும் ஏமாத்துறான், படவா!"

பூங்கோதையின் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம் அது. மனிதர் அதைப் படித்ததில்லை. வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார். அவர் சொன்ன அத்தனையும் பூங்கோதைக்கும் தெரியும். பூங்கோதையிடம் இல்லாமல் போனது அந்தப் 'படவா' ஒன்றுதான்.

வந்த விஷயத்தைச் சொன்னதும் கனகசபாபதி வளையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"வீட்டுக்காரி போனப்புறம், ஏன்தான் விடியுதோன்னு இருந்துச்சும்மா. இதுங்களாலதான் எந்திரிச்சு நடமாடுனேன்." குடையை மடக்கினார். "ஆனா உங்க பொருள். பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கத்தானே கேக்கறீங்க? எடுத்துக்குங்க."

பெயர்ப்பகத்தில் இருவரையும் அடுத்தடுத்த படுக்கையில் படுக்க வைத்தார்கள். "மேடம், முதல்ல உங்களை ஆர்வமானியில ஒரு தடவை அளந்துடலாமா?" என்றான் சம்சுதீன். "ஒரு தடவை பெயர்த்த ஆர்வத்தையே மறுபடி நட்டா, பழைய வேர்ல துளியாவது மிச்சம் இருந்தாத்தான் ஒட்டும். எடுத்தது வெளியில ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது."

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. "இருபத்திரண்டு வருஷம் சேத்துல நின்னவ நான். எனக்கு நண்டுமேல ஆசை இருக்கான்னு நீங்க அளக்கணுமா? ஆகவேண்டியதைப் பாருங்க தம்பி."

சோதிக்காமலே முடிவு எழுதிய மாணவர்கள் எத்தனை பேரை வறுத்தெடுத்தவர் அவர்! அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

முதலில் பெரியவரிடமிருந்து எடுத்தார்கள்; அது ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் வெளிச்சமாக மினுங்கியது. பிறகு பூங்கோதைக்கு நட்டார்கள். ஒட்டவில்லை. இரண்டாம் முறையும் ஒட்டவில்லை. சம்சுதீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஆர்வமானியைத் தலையில் வைத்துப் பார்த்தான்.

"வருத்தம்தான் மேடம் நிறையக் காட்டுது. ஆர்வம் சுத்தமா இல்ல."

"அந்த வருத்தம் போதாதா?"

"போதாது மேடம்."

"அப்படின்னா அவருக்கே திருப்பி வச்சிடுங்க! சீக்கிரம்!"

"அவருக்கு வச்சது இரவல் வேர். எடுத்தா மிச்சமே இருக்காது." அவன் குரல் இறங்கிவிட்டது. ஒரு மணி நேரம் முடிந்ததும் கண்ணாடிக் குப்பியில் இருந்த வெளிச்சமும் அணைந்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கழிமுகத்துக்குப் போனார். பெரியவர் வந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேதான் போனார். பழக்கதோஷம், அவர் வந்திருந்தார். குடை பக்கத்தில் விரிக்காமல் கிடந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க ஐயா."

"விடுங்கம்மா. கையெழுத்துப் போட்டது நான்தானே."

தண்ணீர் வடிந்து, நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்றாவது வளைக்காரன் தன் பலமில்லாத கொடுக்கை ஆட்ட ஆரம்பித்தான். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நீங்க வாத்தியாரம்மாதானே?" என்றார் கனகசபாபதி திடீரென்று. "மிஷின் இல்லாத காலத்துல வாத்தியாருங்க பாடம் நடத்தித்தானே ஆசையை உண்டாக்குனாங்க? இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன். எனக்குத் திரும்ப வருதான்னு பார்ப்போம்."

பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒன்றுவிடாமல், ஒரு பிழையில்லாமல், கால் மணி நேரம் சொன்னார். பெரியவர் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மரியாதையாகக் கொட்டாவி விட்டார்.