ஆளுக்கொரு சாண்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை காலை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் சண்முகலிங்கத்தின் வீட்டு வாசலில் 1958ஆம் ஆண்டு லொறி ஒன்று நின்றது. அதன் முகப்பில் குறுக்கே ஓடிய அலுமினியப் பட்டி மங்கிக் கிடந்தது.

மறுநாள் பழைய வாகனங்களின் ஊர்வலம். போன வருடம் “அழுக்கு வண்டி” என்று மைதான வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்சீற்றில் புதுச் சட்டையோடு இருந்த அவருடைய மகள் ஆரணி வீடு வரும்வரை அழுதாள். இந்த முறை பட்டி மின்னியே ஆகவேண்டும்.

மின்ன விட்டால்தானே!

முதலில் பெரியப்பா வந்தார். கையில் பேக்கரியில் வாங்கிய விறகுச் சாம்பல். “தம்பி, எங்கட குத்துவிளக்கு இதாலைதான் மினுங்குது. போட்டுத் தேய்.”

அப்பா தேய்த்தார்.

பக்கத்து வீட்டு ஸீனத் ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். “சாம்பலா? கழுவுங்க அண்ணே! எங்கட அலுமினியச் சட்டிக்கெல்லாம் புளிதான்.”

அப்பா கழுவினார். புளியைப் பூசினார்.

கடைக்கார நவநீதகிருஷ்ணன் அங்கிள் சைக்கிளை நிறுத்தினார். “பற்பசை போடுங்க சார், பளபளன்னு வந்துரும்.”

அப்பா புளியைத் துடைத்தார்.

“அப்பா! ஒண்டையாவது முடிய விடுங்கோ!” என்று ஆரணி கத்தினாள்.

“அவை கோவிப்பினம், பிள்ளை.”

அப்பாவுக்கு யாரிடமும் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாது. மத்தியானம் பட்டி முன்பைவிட மோசமாக இருந்தது. அப்பாவின் கையில் ரசமும் பற்பசையும் சேர்ந்து மணத்தன.

அப்போது பெரியப்பா திரும்பவும் வந்தார். “நான் சொன்ன சாம்பல் எங்க?”

அப்பாவின் கை சாம்பல் டின்னை நோக்கிப் போனது. ஆரணிக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடி வெண்கட்டியை எடுத்து வந்தாள். பட்டியின் நடுவில் சாண் சாணாக அளந்து மூன்று பங்கு கோடிட்டாள். மற்ற இருவரையும் கூப்பிட்டாள்.

“பெரியப்பா, இது உங்கட சாண். அது ஆன்ட்டின்ர. கடைசியில இருக்கிறது அங்கிளின்ர. அவரவர் சொன்னதை அவரவரே தேயுங்கோ. வடிவா மினுங்கிறதைத்தான் முழுப் பட்டிக்கும் போடுவம்.”

“நானோ?” பெரியப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு நாரி நோகுது, பிள்ளை.”

“அப்பாவுக்கும் நாரிதான் நோகுது!”

மூவரும் குனிந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் யோசனை சொல்லவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தார்.

ஆரணி மூன்றையும் கழுவிப் பார்த்தாள். பற்பசைச் சாண் பரவாயில்லை. புளிச் சாணில் அவளுடைய மூக்கே தெரிந்தது. சாம்பல் சாணோ அடுப்பில் வைத்த சட்டியின் அடியைப்போலக் கறுத்திருந்தது.

பெரியப்பா மறுபடியும் அழுத்தித் தேய்த்தார். இன்னும் கறுத்தது.

“இது குத்துவிளக்கு இல்லைப்போல” என்றார் மெதுவாக.

பின்னேரத்துக்குள் எல்லாருமாகப் புளியால் முழுப் பட்டியையும் தேய்த்தார்கள். பட்டி மின்னியது. பெரியப்பாவின் சாணில் மட்டும் கறுப்பு முழுதாகப் போகவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னாலை நாளைக்குத் திருப்பி அனுப்பினா?”

‘உங்கட சாம்பல்தானே’ என்று சொல்ல ஆரணியின் வாய் துடித்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

“பெரியப்பா, நாளைக்கு லொறிக்கு மாலை போடவேணும்தானே? நீங்களே கட்டுங்கோ. நல்ல தடிப்பா ஒண்டு.” கறுத்த இடத்தில் கையை வைத்தாள். “இந்த இடத்திலை.”

ஞாயிறு காலை, மைதான வாசலில் நின்ற அதிகாரி லொறியை ஒருமுறை சுற்றிவந்தார். பட்டியில் முகம் பார்த்துத் தன் தலைமயிரைச் சரிசெய்தார். செவ்வந்தி மாலையை முகர்ந்து பார்த்தார்.

“ஹரி, யண்ட” என்று சிங்களத்தில் சொல்லி, உள்ளே போகும்படி கையைக் காட்டினார்.

லொறி உள்ளே போனது.